எல்லாரையும் எழுப்பிவிட்ட வில்லை

சுருளியம்மாள் ஓர் இடத்துக்கு வந்துவிட்டாள் என்பதை அந்த இடத்தில் இருப்பவர்கள் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். ஆள் ஒன்றும் அத்தனை சிறிசு இல்லை. நல்ல நிறத்தில்தான் சேலை கட்டுவாள். இருந்தும் அப்படி ஒரு ராசி. ராசிங்காபுரத்தில் படித்த காலத்தில் தினமும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்லியும், பாதி நாள் வரவில்லை என்றுதான் பதிவாகியிருந்தது. ரேஷன் கடை வரிசையில் அவள் நிற்கும் இடத்திலேயே இன்னொருவர் வந்து நிற்பார். குரலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாத ரகசியத்தைச் சொல்வது போலவே உப்பு கேட்பாள், பஸ்சை நிறுத்தச் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் ஆசிரியை ஆனதே அதிசயம். அதிலும் மந்திர ஆசிரியை.

மலையடிவாரத்து மந்திரம் என்றால் தங்கம் செய்வது, ஆகாயத்தில் பறப்பது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மாதிரி சோலியெல்லாம் இங்கே கிடையாது. ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு எது உதவுமோ அதுதான் பாடம். அட்டை மந்திரம் இருக்கிறது: அதைச் சொல்லிக்கொண்டால் அட்டை காலில் ஏறும், ஏறிய பிறகு எதற்கு வந்தோம் என்று மறந்துபோய் இறங்கிவிடும். குரங்கு பையைத் திறக்காமல் இருக்க ஒன்று. பால் பொங்கி வழியாமல் விளிம்போடு நிற்க ஒன்று. மழையைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒன்று. இதையெல்லாம் முறையாகப் படித்துத் தேறி, போடி பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையின் மாடியில் சுருளியம்மாள் வகுப்பு நடத்தி வந்தாள்.

கல்யாணம் நடந்ததுகூட இந்த ராசியால்தான். ஒருநாள் மலைமேல் பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுக்கு அட்டை மந்திரம் சொல்லிக்கொடுக்கப் போனவள், திரும்பும்போது ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஜீப்பு ஓட்டுகிற ஈஸ்வரன் சீட்டு காலி என்று நினைத்து ஒரு ஏலக்காய் மூட்டையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டான். மூன்று வளைவு இறங்கிய பிறகு மூட்டைக்கு அடியிலிருந்து, "அண்ணே, கொஞ்சம் பாரமா இருக்கு" என்று ஒரு குரல் வந்தது. ஈஸ்வரன் பிரேக்கை மிதித்து, மூட்டையைத் தூக்கிப் பின்னால் போட்டான். போடிமெட்டு இறக்கம் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். மறுவாரமும் கேட்டான். கேட்டுக் கேட்டு, மன்னிப்புக் கேட்பதற்கென்றே அந்தப் பக்கம் வர ஆரம்பித்தான். கடைசியில் அவன் தயங்கித் தயங்கிப் பெண் கேட்டபோது சுருளியம்மாளுக்கு இருந்த ஒரே கவலை, அன்றைக்கு அண்ணே என்று கூப்பிட்டுவிட்டோமே என்பதுதான்.

வகுப்பு நன்றாகவே நடந்தது. எஸ்டேட் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி வருவார்கள். அவர்களில் காளீஸ்வரி என்று ஒருத்தி, பூப்பாறையில் நெடுநாள் இருந்ததால் பாதி மலையாளம் பேசுவாள், வாயை மூடவே மாட்டாள். மழையைத் தள்ளிப்போடும் மந்திரத்தை அவள் தப்பாகச் சொல்லி, மழை, நேரம் தள்ளிப் போகாமல் இடம் தள்ளிப் போய், கீழே தையல் கடைக்குள் கொட்டிவிட்டது. அளவு எடுத்து வைத்திருந்த ஜாக்கெட் துணியெல்லாம் நனைந்து சுருங்கி, அந்தத் தீபாவளிக்கு ஊரில் பாதிப் பெண்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சுருளியம்மாள் காளீஸ்வரியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலும் கேட்டிருக்காது.

அவளுக்கு ஒரே ஒரு குறை. வகுப்புக்குள் நுழையும்போது ஒருவரும் எழுந்து நிற்பதில்லை. பேச்சு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பாடம் பாதி நடந்த பிறகு யாராவது, "அட, டீச்சர் வந்துட்டாகளா" என்பார்கள். இத்தனை வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இதை அவள் ஈஸ்வரனிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மந்திர ஆசிரியர் சங்கத்தின் தலைமை ஆசிரியை ஜக்கம்மாள் ஓய்வு பெற்றாள். அடுத்த இடம் சுருளியம்மாளுக்கு வந்தது. சங்கத் தலைவர் வீரணன் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அவளிடமே, "தாயி, சுருளியம்மா வீட்ல இருக்காகளா" என்று விசாரித்துவிட்டுத்தான் சொன்னார்.

தலைமை ஆசிரியருக்கு ஒரு வில்லை உண்டு. உள்ளங்கை அகலப் பித்தளை. நடுவில் ஏலச்செடி, சுற்றிலும் எழுத்து, பின்னால் ஊக்கு. பேட்ஜு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதை வாங்கிவர மேலச்சொக்கநாதபுரத்துக்குப் போனாள் சுருளியம்மாள். ஜக்கம்மாள் அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி அதை எடுத்தாள்.

"அரிசிக்குள்ளயா வச்சிருக்கீக, அக்கா?"

"வேறெங்க வைக்க. கண்ணுல பட்டா எந்திரிச்சு நிக்க வேண்டியிருக்கே." ஜக்கம்மாளின் குரல் மில் சங்கு மாதிரி. தெருக்கோடியில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். "இங்க பாரு ஆத்தா, இது மந்திரிச்ச வில்லை. இதக் குத்திக்கிட்டு நீ போனா, பாக்குறவுக எல்லாரும் எந்திரிச்சு நிப்பாக. நீ உட்காருங்கன்னு சொல்லி, அது அவுக காதுல விழுந்தாத்தான் உட்காருவாக. எனக்குக் கொரல் இருந்துச்சு, சமாளிச்சேன். நீ இப்பச் சொன்னதே எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. பேசாம ஆணியில மாட்டி, மேல ஒரு துணியப் போட்டு வையி."

இத்தனை வருடம் எல்லாரையும் எழுப்பி நிறுத்தியவள், மற்றவள் நிறுத்தும்போது மட்டும் துணி போடச் சொல்கிறாளே என்று சுருளியம்மாளுக்குப் பட்டது. தலையை ஆட்டிவிட்டு, வில்லையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

பதவியேற்பு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வீரணன் மேடையில் வைத்து வில்லையைக் குத்திவிட்டார். குத்திய நிமிடம் நாற்காலிகள் எல்லாம் ஒன்றாகச் சத்தம் போட, மண்டபம் மொத்தமும் எழுந்து நின்றது. முதல் வரிசைப் பெரியவர்கள் நின்றார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்து நின்றார்கள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் வேறு வழியில்லாமல் குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நின்றார்கள். "வணக்கம் டீச்சர்" என்று இழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒரே ராகத்தில் சொன்னார்கள். சுருளியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை மண்டபம் நின்றபடியே இருந்தது.

பிறகு சொன்னாள். "உட்காருங்க."

முதல் வரிசை மட்டும் உட்கார்ந்தது. மைக் வீரணன் கையில் இருந்தது. வீரணன் மைக்கைப் பிடித்தால் அடுத்தவர் கைக்கு அது போனதாகச் சரித்திரம் இல்லை. அவர் சங்கம் தோன்றிய கதையை ஆரம்பித்துவிட்டார். மண்டபம் நின்றபடியே கேட்டது. பந்தியில் இலை போட்டபோதுதான் சுருளியம்மாள் வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொருவர் காதோடும் குனிந்து, "உட்காருங்க, உட்காருங்க" என்று சொல்லிவர முடிந்தது. கடைசி வரிசைக்கு வந்துசேர்வதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது.

அப்படியும் அவளுக்கு மறுநாள் வில்லையைக் கழற்ற மனம் வரவில்லை. பஸ்சில் ஏறினாள், பஸ்சே எழுந்து நின்றது. சீட்டெல்லாம் காலியாகக் கிடக்க, ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நின்று வந்தார்கள். பரோட்டா கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சால்னா வழிய வழிய எழுந்தார்கள். தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து வாலை நேராக வைத்துக்கொண்டன. அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. ஈஸ்வரன்தான் பாவம். சோற்றில் கை வைப்பான், அவள் குழம்புச் சட்டியோடு வருவாள், எழுந்து நிற்பான்.

"சுருளி, உட்காரச் சொல்லேன்."

"உட்காருங்க."

உட்காருவான். அவள் ரசம் எடுத்து வருவாள். மறுபடி எழுவான். மோருக்கு வரும்போது, "நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்கிறேன் தாயி, முட்டி வலிக்குது" என்றான்.

முந்தானையால் மூடிப் பார்த்தாள். வில்லைக்கு அது பிடிக்கவில்லை. மூடிய துணியின் மேல் மெதுவாக ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு மடிப்பு போட்டாள். அதற்கும் மேலே வந்தது.

பக்கத்து வீட்டு முத்துப்பிரியாவின் கல்யாணத்தில்தான் விஷயம் முற்றியது. முத்துப்பிரியா நல்ல உயரம். மாப்பிள்ளை கார்முகில் தங்கமான பையன், ஆனால் அவள் தோளுக்குத்தான் இருப்பான். மணையில் உட்கார்ந்திருக்கும்போது வித்தியாசம் தெரியாது என்று இரண்டு வீட்டாரும் நிம்மதியாக இருந்தார்கள். பட்டுச்சேலையில் வில்லையைக் குத்திக்கொண்டு சுருளியம்மாள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, கெட்டிமேளம் கொட்டி, கார்முகில் தாலியைக் கையில் எடுத்திருந்தான்.

மண்டபம் எழுந்தது. முத்துப்பிரியா எழுந்தாள். கார்முகிலும் எழுந்தான். எழுந்து கையை நீட்டிப் பார்த்தான். எட்டவில்லை.

"உட்காருங்க, உட்காருங்க" என்று சுருளியம்மாள் கையை ஆட்டினாள். மேளத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கார்முகில் ஒரு குதி குதித்தான். பெண் குனியலாம் என்றால், டீச்சர் முன்னால் நேராக அல்லவா நிற்க வேண்டியிருக்கிறது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் தாய்மாமன் உக்கிரபாண்டி நின்ற நிலையிலேயே மாப்பிள்ளையை இடுப்போடு தூக்கி, "வெரசா கட்டு மாப்ளே, இடுப்பு பிடிக்குது" என்றார். மூன்று முடிச்சும் அந்தரத்தில் விழுந்தது. அப்புறம் மண்டபமே நின்றபடி சாப்பிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சிலர், "பஃபே வச்சிருக்காக, பெரிய எடம்தான்" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

சுருளியம்மாள் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். வில்லையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"அந்தப் புள்ளைக்குத் தாலி ஏற விடாமப் பண்ணிட்டேனே" என்றாள் ஈஸ்வரனிடம்.

"ஏறிருச்சுல்ல."

"நம்மளயும் நாலு பேரு பாக்கணும்னு ஆசப்பட்டேன். அது தப்பா?"

ஈஸ்வரன் யோசித்தான். "தப்பில்ல. ஆனா எந்திரிச்சு நிக்கிறவன் பேட்ஜத்தான பாக்குறான், சுருளி? ஒன்னயப் பாத்து ஒருத்தனும் நின்ன மாதிரி எனக்குத் தெரியல."

கல்யாணச் சாப்பாடு சாப்பிடாமல் வந்தது நினைவுக்கு வர, இருவரும் தோசை ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் எஸ்டேட் வகுப்புக்காக ஈஸ்வரனின் ஜீப்பிலேயே மலை ஏறினாள். பின்னால் வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்திருந்தார்கள்; காளீஸ்வரியும் இருந்தாள். முந்தல் தாண்டி நெடுந்தூரம் ஏறி, போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவில் ஜீப்புகள் வரிசையாக நின்றிருந்தன. மூடுபனி. இறங்கிப் பார்த்தால் ரோட்டை அடைத்துக்கொண்டு காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலம். ஹாரன் அடித்தால் முட்ட வரும் என்று எல்லாரும் வண்டிக்குள்ளேயே காத்திருந்தார்கள்.

"டீச்சரே, எந்தெங்கிலும், ஏதாச்சும் ஒரு மந்திரம் போடுங்க" என்றாள் காளீஸ்வரி. "லேட்டாப் போனா கங்காணி சத்தம் போடுவாக."

சுருளியம்மாள் குரங்கு மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தாள். கிழட்டுக் காளை ஒன்று காதை மட்டும் ஆட்டியது. அப்போதுதான் பைக்குள் கிடந்த வில்லை நினைவுக்கு வந்தது. படுத்திருப்பவை எழுந்தால் போதுமே.

"நீங்க கண்ண மூடிக்கங்க" என்று ஈஸ்வரனிடம் சொன்னாள். அவன் ஸ்டீரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பின்னால் இருந்த பெண்களிடமும் சொன்னாள். அது அவர்களுக்குக் கேட்கவில்லை. வில்லையைக் குத்திக்கொண்டு அவள் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றபோது, பின்னால் ஜீப்புக் கூரையில் வரிசையாகத் தலைகள் ணங் ணங் என்று இடித்தன. காட்டுமாடுகள் முன்னங்காலை ஊன்றி, பெருமூச்சு விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கன்றுகள்கூட எழுந்தன. எழுந்து, தலையைத் தாழ்த்தி, மரியாதையாக நின்றன.

நின்றுகொண்டே இருந்தன.

எழுந்தால் போய்விடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். டீச்சர் முன்னால் நிற்கிறபோது எந்த மாணவன் நடந்து வெளியே போவான்? உட்காருங்க என்று சொல்லலாம் என்றால், சொன்னால் மறுபடி ரோட்டிலேயே படுத்துக்கொள்ளும். காளையின் மூச்சு அவள் முகத்தில் சூடாக அடித்தது. எல்லா ஜீப்பிலும் ஆட்கள் கூரையில் தலை முட்டக் கழுத்தை வளைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

அப்போது ஒரு கன்று வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. வகுப்பில் யாராவது கொட்டாவி விட்டால் என்ன சொல்வாளோ, அதுவே அவள் வாயில் பழக்கத்தில் வந்துவிட்டது.

"சரி, இன்னைக்கு இது போதும். கெளம்புங்க."

அந்த வளைவில் காற்றுகூட அசையாமல் இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது. காட்டுமாடுகள் திரும்பி, சின்னது முன்னாலும் பெரியது பின்னாலுமாக வரிசை கட்டிக் காட்டுக்குள் இறங்கிப் போயின. ரோடு காலியானது. சுருளியம்மாள் பெருமையோடு திரும்பிப் பார்த்தாள்.

எஸ்டேட் பெண்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போடியை நோக்கி இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். மற்ற ஜீப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஸ்டீரிங்கில் முகம் புதைத்திருந்த ஈஸ்வரனுக்குக் கண்தான் மூடியிருந்தது, காது திறந்திருந்தது. அவனும் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மூடுபனிக்குள் அவள் தனியாக நின்றாள். முதலில் அழுகை வரும் போல இருந்தது. பிறகு, நான் சொன்னதை இத்தனை பேர் கேட்டிருக்கிறார்களே என்று தோன்றியது. காட்டுமாடு கேட்டிருக்கிறது. தடுப்புச்சுவரில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டாள். இரண்டு வளைவு இறங்கியதும் மந்திரம் விட்டுப்போய், ஈஸ்வரன் பதறியடித்து ஜீப்பைப் பின்னோக்கியே ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று அந்த எஸ்டேட்டில் வேலை நடக்கவில்லை. கங்காணி சத்தம் போட்டாராம். மறுவாரம் அவரே வந்து, தன் மச்சினன் வீட்டு விருந்தாளிகள் கிளம்புவதாக இல்லை, டீச்சர் ஒரு நடை வந்துபோக முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

சங்கத்தின் ஆண்டு விழாவில்தான் வில்லையின் இந்தக் குணம் ஊருக்கே தெரிந்தது. வீரணன் மைக்கைப் பிடித்து, சங்கம் தோன்றுவதற்கு முந்தைய காலத்திலிருந்து ஆரம்பித்தார். மேடையில் வில்லையோடு சுருளியம்மாள் இருந்ததால் கூட்டம் நின்றுகொண்டே கேட்டது. வெயில் ஏறியது. தொண்டை கட்டி, தண்ணீர் குடிப்பதற்காக வீரணன் மைக்கை ஒரு நொடி மேஜையில் வைத்தார். அந்த நொடியில் அவள் குனிந்து அதற்குள் சொன்னாள். "சரி, இன்னைக்கு இது போதும். கெளம்புங்க."

கூட்டம் கிளம்பியது. மைக்செட்காரர் வயரைச் சுருட்டினார். வீரணன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அதன் பிறகு சுருளியம்மாளுக்கு ஓய்வே இல்லை. பாராட்டு விழா, பணி நிறைவு விழா, புத்தக வெளியீடு, சீர்வரிசைப் பேச்சு என எல்லாவற்றுக்கும் தேனி, சின்னமனூர் என்று எங்கெங்கிருந்தோ அழைப்பு வருகிறது. "டீச்சர் வர்றாகளா" என்று கேட்டுக்கொண்டுதான் ஜனங்கள் விழாவுக்குப் போகிறார்கள். மேடையில் அவளுக்கென்று ஒரு நாற்காலியும் தனி மைக்கும் உண்டு. நல்ல பேச்சாக இருந்தால் வாய் திறக்க மாட்டாள். வில்லையைப் பையிலேயே வைத்திருந்து, தேவைப்படும்போது மட்டும் எடுத்துக் குத்திக்கொள்வாள். பை ஜிப்பில் அவள் கை போனாலே இப்போது பேச்சாளர்கள் முடிவுரைக்கு வந்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அதை எடுத்துப் போவதில்லை. அங்கே பேச்சு பழையபடி ஓடிக்கொண்டிருக்கும். போய் உட்கார்ந்து, காளீஸ்வரி என்ன கதை சொல்கிறாள் என்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பாடம் ஆரம்பிப்பாள்.

வீரணன் மட்டும் சில மாதம் அவளோடு பேசவில்லை. இந்த வருட ஆண்டு விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ஈஸ்வரன் காப்பி கொடுத்தான். அதைக் குடித்து முடிக்கும் வரை எதுவும் பேசாமல் இருந்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

"தாயி சுருளி, ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாத" என்றார். "எனக்கு ஆரம்பிக்கத் தெரியும். நிறுத்தத் தெரியாது. சின்ன வயசுலருந்தே அப்படித்தான். எல்லாரும் கொட்டாவி விடுறது எனக்கும் தெரியத்தான் செய்யும். ஆனா வாயி நிக்க மாட்டேங்குது. போன வருசம் நீ சொன்னதும் விறுவிறுன்னு வீட்டுக்குப் போனேன் பாரு, அன்னைக்குத்தான் ரொம்ப வருசத்துக்கு அப்புறம் சோறு சூடாச் சாப்பிட்டேன்."

"நாளைக்கு எப்பச் சொல்லணும், அண்ணே?"

வீரணன் குவளையைக் கீழே வைத்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "வீட்ல நாளைக்கு ஆட்டுக்கால் பாயா. ஒரு மணிக்குள்ள சொல்லிரு."

அவள் சரியாகச் சொல்லிவிட்டாள். பாயா கொதிக்கக் கொதிக்க இருந்ததாம்.